கானா நாடும் நம் கல்விக் கனவும்

(இரண்டாம் ஆண்டு இளநிலை அறிவியல் மாணவி, தாவரவியல் துறை)

வெளிநாட்டுப் படிப்பு என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவை நான்கைந்து நாடுகளே. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா. இப்போது ஜெர்மனியும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. "மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் படிக்கலாமே" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முதலில் சிரிப்பார். பிறகு, "அங்கே என்ன இருக்கிறது? காடும் சிங்கமும் பஞ்சமும்தானே!" என்பார்.

ஆப்பிரிக்கா ஒரு நாடன்று. 54 நாடுகளைக் கொண்ட ஒரு கண்டம். ஜப்பானியரையும் அரேபியரையும் நம்மையும் ஒரே கூடையில் போட்டு, "எல்லாரும் ஆசியாக்காரர்கள், எல்லாரும் ஒன்றுதான்" என்று ஒருவர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஒரு மனிதரைப் பெயர் சொல்லி அழைப்பது எப்படி மரியாதையோ, அப்படியே ஒரு நாட்டை அதன் பெயரால் அறிவதும் மரியாதை. அந்த எண்ணத்தில் என் சக மாணவ மாணவியருக்கு நான் அறிமுகம் செய்ய விரும்பும் நாடு கானா.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கானாவைக் கண்டவள் அல்லேன். கடவுச்சீட்டுகூட இன்னும் எடுக்கவில்லை. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆயினும் கானாவுக்கும் எனக்கும் சிறு வயது முதலே ஒரு தொடர்பு உண்டு. அது ஒரு காயினால் வந்த தொடர்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாடும் நிலமும்

மேற்கு ஆப்பிரிக்காவின் தென்கரையில், கினி வளைகுடாவைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது கானா. மேற்கே ஐவரி கோஸ்ட், வடக்கே புர்க்கினா பாசோ, கிழக்கே டோகோ. பரப்பளவு ஏறத்தாழ 2,38,500 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்று அதிகம். மக்கள் தொகையோ 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 3 கோடியே 8 லட்சம். நம் மாநிலத்தில் பாதிகூட இல்லை.

தலைநகர் அக்ரா. அதன் அருகிலுள்ள டேமா என்னும் துறைமுக நகரின் வழியாகத்தான் கிரீன்விச் தீர்க்கரேகை செல்கிறது. ஆகவே நம் கடிகாரம் அவர்களுடையதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். நாம் மாலை வகுப்பு முடித்து வீடு திரும்பும்போது அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மாட்டார்கள்! பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 முதல் 11 பாகை வரை பரந்துள்ள நாடு அது. தமிழகம் 8 முதல் 13 பாகை வரை. எனவே வெயில் நமக்குப் புதிதன்று. கம்பளிச் சட்டைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. தென் பகுதியில் ஆண்டுக்கு இருமுறை மழைக்காலம். நம் மார்கழி, தை மாதங்களில் சகாரா பாலைவனத்திலிருந்து புழுதியைச் சுமந்துகொண்டு வறண்ட காற்று வீசும். அதற்கு ஹார்மட்டான் என்று பெயர். அப்போது உதடு வெடிக்கும், வானம் மங்கும்.

பிரிட்டிஷார் இந்நாட்டைத் தங்கக் கரை என்று அழைத்தனர். 1957 மார்ச் 6 அன்று அது விடுதலை பெற்றுக் கானா என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. விடுதலைப் போரை நடத்திய குவாமி என்குருமா, 1950 இல் தொடங்கிய 'நேர்முகச் செயல்' இயக்கத்துக்குக் காந்தியடிகளின் அறப்போர் முறை ஒரு வழிகாட்டியாக இருந்தது. பின்னர் 1966 முதல் 1981 வரை அந்நாடு பல இராணுவப் புரட்சிகளால் அல்லலுற்றது உண்மை. ஆனால் 1992 அரசியலமைப்புக்குப் பிறகு வாக்குச் சீட்டின் மூலமே ஆட்சிகள் மாறி வருகின்றன. 2024 தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. 2025 ஜனவரி 7 அன்று அமைதியாக ஆட்சி கைமாறியது. அன்று துணைக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றவர் நானா ஜேன் ஒப்போகு அக்யெமாங் என்னும் அம்மையார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர். அதற்கு முன்பே, 2008 இல், கேப் கோஸ்ட் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். ஒரு பேராசிரியை நாட்டின் இரண்டாவது நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்றால், அங்கே கல்விக்கு உள்ள இடத்தை நாம் உணரலாம் அன்றோ!

கொல்லர் கொண்டு வந்த விதை

இனி, என் காயின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் ஆனைமலைப் பக்கம். அங்கே தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கிறார்கள். அப்பா ஒரு தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறார். அம்மா அதே தோப்பில் கோகோ காய் உடைக்கப் போவார். விடுமுறை நாட்களில் நானும் போவதுண்டு. காயை மரக்கட்டையால் தட்டிப் பிளந்து, வெள்ளைச் சதை ஒட்டிய கொட்டைகளை வழித்துப் பெட்டியில் நிரப்பிப் புளிக்க வைப்போம். சில நாள் கழித்து வெயிலில் உலர்த்தினால் கொட்டை பழுப்பாகும். அந்தப் புளிப்பு வாடை துவைத்தாலும் பாவாடையை விட்டுப் போகாது. என் பள்ளிப் படிப்புக்கான நோட்டும் பேனாவும் அந்த வாடையில் வந்தவைதான்.

தாவரவியலில் தியோபுரோமா கக்காவ் என்று படித்தபோது, அது தென் அமெரிக்காவில் தோன்றிய மரம் என்று தெரிந்துகொண்டேன். அது கானாவுக்குப் போன கதையை நூலகத்தில் ஒரு நூலில் படித்தேன். டெட்டே குவார்ஷி என்னும் கொல்லர் பெர்னாண்டோ போ தீவுக்கு வேலைக்குச் சென்றிருந்தார். 1879 இல் திரும்பி வரும்போது கோகோ விதைகளைக் கொண்டு வந்து மாம்போங் என்னும் ஊரில் நட்டார். அந்த நடவு பல்கிப் பெருகியது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் கையில் அன்று. சிறு குடியானவர்களின் கையில். 1911 இல் தங்கக் கரை உலகிலேயே அதிகக் கோகோ விளைவிக்கும் நாடாயிற்று. 1970-களின் நடுப்பகுதி வரை அந்த முதலிடம் அதனிடமே இருந்தது. பிறகு அண்டை நாடான ஐவரி கோஸ்ட் முந்திக்கொண்டது. இன்றும் உலகக் கோகோவில் ஏறத்தாழப் பாதி இவ்விரு நாடுகளிலிருந்தே வருகிறது.

சென்ற ஆண்டு கோவையில் வேளாண்மை பயிலும் மாணவர் குழு ஒன்று எங்கள் தோப்பைப் பார்க்க வந்தது. அதில் கானா நாட்டு அக்கா ஒருவர் இருந்தார். எல்லாரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்க, அவர் மட்டும் எங்கள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து காய் உடைக்கத் தொடங்கிவிட்டார். கை பழகிய கை!

"அம்மிணி, உங்க ஊர்லயும் இந்தக் காய் இருக்குதுங்களா?" என்று அம்மா கேட்டார்.

அக்காவின் தந்தையும் கோகோ விவசாயிதானாம். அங்கே பெட்டி வைத்துப் புளிக்க வைப்பதில்லையாம். தரையில் வாழையிலையை விரித்துக் கொட்டைகளைக் குவித்து, மேலேயும் வாழையிலை போட்டு மூடி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிட்டு, ஆறாம் நாள் எடுப்பார்களாம். பிறகு உயரமான மூங்கில் தட்டிகளில் உலர்த்துவார்களாம். "என் அப்பா சாக்லேட் தின்றதே அறுபது வயதுக்கு மேல்தான்" என்றார் அவர். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, "அப்ப அங்கயும் நம்ம கதைதானா" என்றார்.

கோகோ எழுப்பிய பல்கலைக்கழகம்

அந்த அக்கா சொன்ன ஒரு செய்திதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. பிறகு நூல்களிலும் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டேன்.

1945 இல் மேற்கு ஆப்பிரிக்காவில் உயர்கல்வி பற்றி ஆராய்ந்த எலியட் குழு இரண்டு அறிக்கைகளைத் தந்தது. சிறுபான்மையினர் தந்த அறிக்கை, பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் நைஜீரியாவிலுள்ள இபாதானில் ஒரே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி போதும் என்றது. இங்கிலாந்து அரசும் முதலில் அதையே ஏற்றது. தங்கக் கரை மக்கள் ஒப்பவில்லை. ஜே. பி. டான்குவா என்னும் அறிஞரின் தலைமையில், "எங்கள் கல்லூரியை நாங்களே தாங்குவோம்" என்று வற்புறுத்தினார்கள். அரசு இறங்கி வந்தது. 1948 இல் தங்கக் கரைப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. கோகோ விற்பனை வாரியம் அதற்குப் பெருந்தொகை கொடுத்தது. அந்த வாரியத்தின் பணம் யாருடைய பணம்? காய் உடைத்த கைகளின் பணம்! அக்கல்லூரிதான் இன்று அக்ராவின் லெகோன் பகுதியில், செந்நிற ஓட்டுக் கூரைகளோடு நிற்கும் கானா பல்கலைக்கழகம்.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம் போன்றோர்க்கு இதைவிட நெருக்கமான வரலாறு எது? "உங்களுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு?" என்ற கேள்வி நம் வீட்டு வாசலில் மட்டும் கேட்கப்பட்டதன்று, ஒரு நாட்டைப் பார்த்தே கேட்கப்பட்டிருக்கிறது. அந்த நாடு பதில் சொல்லியும் இருக்கிறது.

என்ன படிக்கலாம்?

கானாவின் ஆட்சிமொழி ஆங்கிலம். பல்கலைக்கழகப் பாடங்களும் ஆங்கிலத்திலேயே. ஆகவே மொழியால் தடை இல்லை. நம் ஆங்கிலத்துக்குப் பயந்து நாம் ஒதுங்காமலிருந்தால் போதும்! இளநிலைப் பட்டம் அங்கே நான்காண்டுப் படிப்பு.

கானா பல்கலைக்கழகத்தில் 2007 இல் தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்கப் பயிர் மேம்பாட்டு மையம் உள்ளது. பல ஆப்பிரிக்க நாடுகளின் மாணவர்கள் அங்கே பயிர் இனப்பெருக்கவியலில் முனைவர் பட்டம் பெற்றுத் தத்தம் நாடுகளுக்குத் திரும்பிப் புதிய இரகங்களை உருவாக்குகிறார்கள். கோகோவுக்கென்றே டாஃபோ என்னும் ஊரில் 1938 முதல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கோகோவின் கிளைகளை வீங்கச் செய்து மரத்தையே கொல்லும் ஒரு வைரஸ் நோய் அங்கே 1930-களில் கண்டறியப்பட்டது. அதைப் பரப்புவது மாவுப்பூச்சி. நம் ஊரில் பப்பாளியையும் மரவள்ளியையும் பாடாய்ப் படுத்திய மாவுப்பூச்சியின் உறவுக்காரன்தான்! நோய் கண்ட மரங்களைக் கோடிக்கணக்கில் வெட்டியும் அது இன்னும் ஒழியவில்லை. தாவரவியல் படிப்போர்க்கு அங்கே வேலை இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அக்ராவுக்கு அருகே மலை மேல் 1890 இல் அமைந்த அபூரி தாவரவியல் பூங்காவும் உண்டு.

விலங்கியல், நுண்ணுயிரியல் நண்பர்களுக்கு ஒரு செய்தி. கானா பல்கலைக்கழகத்தில் நோகுச்சி நினைவு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஹிடேயோ நோகுச்சி என்னும் ஜப்பானிய அறிஞர் மஞ்சள் காய்ச்சலை ஆராய அக்ரா சென்று, அதே காய்ச்சலால் 1928 இல் அங்கேயே இறந்தார். அவர் நினைவாக ஜப்பானின் உதவியோடு 1979 இல் எழுந்த நிறுவனம் அது.

இதைவிட வியப்பான செய்தி இன்னொன்று. 1927 இல் அசிபி என்னும் தங்கக் கரை இளைஞர் மஞ்சள் காய்ச்சலில் படுத்தார். அவருடைய இரத்தத்தை ரீசஸ் குரங்கு ஒன்றுக்குச் செலுத்தித்தான் ஆய்வாளர்கள் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அசிபி பிழைத்துக்கொண்டார். அவரிடமிருந்து கிடைத்த வைரஸைப் பல தலைமுறை வளர்த்து வீரியம் குறைத்து, 1937 இல் 17டி என்னும் தடுப்பூசியை உருவாக்கினார் மாக்ஸ் தெய்லர். அதற்காக 1951 இல் நோபல் பரிசு பெற்றார். இன்று கானா செல்லும் எவரும் போட்டுக்கொள்ள வேண்டிய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அந்த வழியில் வந்ததே. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோரின் உடலில் அந்த இளைஞரின் கொடை கலந்திருக்கிறது. பரிசு பெற்றவர் பெயரைப் பாட நூல் சொல்கிறது. அசிபியின் பெயரை நாமாவது சொல்வோம்.

பொறியியல், தொழில்நுட்பம் விரும்புவோர்க்குக் குமாசி நகரில் குவாமி என்குருமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசிரியப் பயிற்சிக்குப் பெயர் பெற்ற கேப் கோஸ்ட் பல்கலைக்கழகம் 1962 இல் தோன்றியது. வறண்ட வட பகுதியில், டமாலே நகரை மையமாகக் கொண்டு, 1992 இல் வளர்ச்சி ஆய்வுகளுக்கான பல்கலைக்கழகம் அமைந்தது. இந்திய அரசின் துணையோடு 2003 இல் அக்ராவில் தொடங்கப்பட்ட கோஃபி அன்னான் தகவல் தொழில்நுட்ப மையமும் குறிப்பிடத்தக்கது.

கூழும் வடையும் குழியாட்டமும்

"சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்?" என்பது தாய்மார்களின் முதல் கேள்வி. எங்கள் அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

கானாவில் காலை வேளையில் தெருவோரம் விற்கும் ஓர் உணவின் பெயர் ஹவுசா கோக்கோ. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அது இஞ்சியும் மிளகாயும் சேர்த்த புளித்த கம்பங்கூழ்! அதற்குத் தொட்டுக்கொள்ளக் கூசே. அது என்ன? தட்டைப்பயற்றை ஊறவைத்து அரைத்து எண்ணெயில் பொரித்தெடுப்பது. நாம் வடை என்போம். அவர்கள் கூசே என்கிறார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் சாகெல் பகுதியில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கப்பட்டு, பிறகு நம் நாட்டுக்கு வந்த தானியம். தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவில் தோன்றியதே. நம் அம்மாயிமார் ஆடி மாதத்தில் ஊற்றும் கூழின் பூர்வீகத்தைக் கேட்டால் அது ஆப்பிரிக்காவைக் கைகாட்டும்.

மரவள்ளிக் கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்து உரலில் இடித்து உருட்டுவது ஃபூஃபூ. மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்து மடலில் பொதிந்து வேகவைப்பது கெங்கே. தக்காளிச் சாறில் வேகும் ஜொலோஃப் சோறு விருந்துகளில் தவறாது. குழம்புகளில் மீனும் இறைச்சியும் கலந்தே இருக்கும். சைவ உணவினர் கேட்டு வாங்க வேண்டும். தட்டைப்பயற்றுக் குழம்பும் பொரித்த வாழைப்பழமும் அவர்களைக் காப்பாற்றும்.

பழக்க வழக்கங்களிலும் நாம் தடுமாற மாட்டோம். இடக்கையால் கொடுப்பதும் வாங்குவதும் அங்கேயும் மரியாதைக் குறைவு. பெரியவர்களைக் கண்டால் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். வேலையைப் பற்றிய பேச்சு பிறகுதான். 'அக்வாபா' என்றால் நல்வரவு. 'மெதாசே' என்றால் நன்றி. இந்த இரண்டு சொற்களே பாதிக் கதவைத் திறந்துவிடும் என்றார் அந்த அக்கா.

அக்கான் இன மக்களிடம் பிறந்த கிழமையைக் கொண்டு பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. சனிக்கிழமை பிறந்த ஆண் குவாமி. என்குருமா அப்படிப் பெயர் பெற்றவர். வெள்ளிக்கிழமை பிறந்தவர் கோஃபி, ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 இல் ஒரு வெள்ளிக்கிழமை குமாசியில் பிறந்தவர். நான் பிறந்தது ஆடி வெள்ளி என்று அம்மா சொன்னதும் அக்கா கைதட்டி, "அப்படியானால் நீ அஃபியா" என்றார். அன்று முதல் தோப்பில் சிலர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்த பல்லாங்குழியைக் கண்டதும் அவர் கண்கள் விரிந்தன. அவர்கள் ஊரில் அதற்கு ஓவாரே என்று பெயர். நமக்குப் பதினான்கு குழி; அவர்களுக்குப் பன்னிரண்டு. குழிக்கு நான்கு காயாக நாற்பத்தெட்டுக் காய். ஆட்ட விதி சற்று வேறு. அன்று அம்மாவும் அக்காவும் பேச்சே இல்லாமல் ஒரு மணி நேரம் ஆடினார்கள். வென்றது அம்மா என்பதை இங்கே பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்!

"பெண் பிள்ளை தனியாக அங்கே இருக்க முடியுமா?" என்பது அப்பாவின் கேள்வி. அக்ராவின் மகோலா சந்தை பெண் வணிகர்களின் கையில் நடக்கிறது. அக்கான் மக்களிடம் குலமும் சொத்துரிமையும் தாய்வழியில் வருகின்றன. 1900 இல் பிரிட்டிஷ் ஆளுநர் அசாந்தி மக்களின் புனிதமான தங்கப் பீடத்தைக் கேட்டபோது, படை திரட்டி எதிர்த்தவர் யா அசந்தேவா என்னும் அரசி. நம் வேலு நாச்சியாரின் தங்கை என்றே அவரைச் சொல்லத் தோன்றுகிறது. எச்சரிக்கை எந்த ஊரிலும் வேண்டும், அச்சம் வேண்டியதில்லை.

கோட்டைகள் சொல்லும் கதை

கானாவின் கடற்கரையில் வெள்ளைக் கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. எல்மினா கோட்டையைப் போர்த்துகீசியர் 1482 இல் கட்டத் தொடங்கினார்கள். கேப் கோஸ்ட் கோட்டை பிரிட்டிஷாரின் தலைமையிடமாக இருந்தது. அவற்றின் நிலவறைகளில் ஆண்களும் பெண்களும் விலங்கிடப்பட்டு அடைக்கப்பட்டார்கள். கடலைப் பார்த்த ஒரு குறுகிய வாயிலின் வழியே கப்பலேற்றப்பட்டார்கள். அதற்குத் 'திரும்பா வாயில்' என்று பெயர்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். அந்த மனிதர்களுக்கு விலையாக ஐரோப்பியர் கொடுத்த பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணியும் ஒன்று. நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளும் அதில் இருந்தன. இன்னொரு பண்டம், மாலத்தீவிலிருந்து சென்ற சோழி. கானாவின் இன்றைய நாணயமான சேடி என்னும் பெயரே சோழியைக் குறிக்கும் அக்கான் சொல்லிலிருந்து வந்தது. நெய்த நம் முன்னோர்க்கு அத்துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2016 ஜூனில் நம் குடியரசுத் தலைவராயிருந்த பிரணாப் முகர்ஜி கானா பல்கலைக்கழகத்தில் காந்தியடிகளின் சிலையைத் திறந்து வைத்தார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இளம் வயதில் கறுப்பின மக்களைத் தாழ்த்திக் காந்தியடிகள் எழுதிய சில சொற்களை எடுத்துக்காட்டி, அங்குள்ள பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. காந்தியடிகள் பின்னாளில் அந்தக் கருத்துகளைக் கடந்து வளர்ந்தார் என்று நாம் சொல்லலாம். அந்நாட்டு விடுதலைக்கே அவர் வழி துணை செய்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே. ஆயினும், காயம் பட்டவர் வலிக்கிறது என்று சொல்லும்போது முதலில் கேட்டுக்கொள்வதே பண்பாடு.

அந்த அக்கா எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் திரும்பிய மாலையை நினைக்கிறேன். வழியனுப்ப நானும் பொள்ளாச்சி வரை கூடச் சென்றேன். மூவர் அமரும் இருக்கையில் நாங்கள் இருவர். கூட்டம் நின்றுகொண்டிருந்தது, அவருக்குப் பக்கத்திலிருந்த இடம் மட்டும் கடைசி வரை காலியாகவே வந்தது. பின்னாலிருந்து ஒரு பையன் நிறத்தைச் சொல்லி ஏதோ கத்தினான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்து, நிதானமாக, "தம்பி, எனக்குத் தமிழ் புரியும்" என்றார். பேருந்து அமைதியாயிற்று. என் நிறமும் அவர் நிறத்துக்கு மிகத் தொலைவில் இல்லை. நம் வீடுகளில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யப்படாத பெண் யார்? பட்டவர்களே மற்றவரைப் படுத்துவது எவ்வளவு பெரிய கொடுமை!

புறப்படுமுன்

பெருமையை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். கானாவில் பணக் கவலைகள் உண்டு. 2022 இல் விலைவாசி ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் ஏறியது. அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தவித்து, 2023 இல் பன்னாட்டு நிதியத்தின் கடனுதவி பெற்றது. 'கலம்சே' எனப்படும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களால் ஆறுகள் கலங்கிப் போயின. கோகோத் தோட்டங்கள் அழிகின்றன. மலேரியா நாடு முழுதும் உண்டு. கொசு வலையும் மருத்துவர் சொல்லும் மாத்திரையும் அவசியம்.

போக எண்ணுவோர் செய்ய வேண்டியவை சில. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை, சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில் போட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே அது செல்லுபடியாகும். பிறகு வாழ்நாள் முழுதும் போதும். விசாவுக்குப் புதுதில்லியிலுள்ள கானா தூதரகத்தை நாட வேண்டும். விமானங்கள் பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது துபாய் வழியாகச் செல்கின்றன. வெளிநாட்டு மாணவர்க்குக் கட்டணம் டாலரில், உள்நாட்டாரைவிட அதிகம். ஆகவே உதவித்தொகை உறுதியாகாமல் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். நம் மூன்றாண்டுப் பட்டத்தை அவர்கள் முதுநிலைக்கு ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள். அங்கே பெறும் பட்டம் இங்கே செல்லுமா என்பதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளைப் பாருங்கள். இடைத்தரகர் பேச்சை நம்பாதீர்கள்.

என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் முடித்து, இங்கே முதுநிலை பயின்று, பயிர் இனப்பெருக்க ஆராய்ச்சிக்குக் கானாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் ஆசை. உறவினர்கள் சிரிக்கிறார்கள். "போறதுதான் போற, ஒரு நல்ல நாடாப் பார்த்துப் போ" என்கிறார் மாமா. அப்பா எதுவும் சொல்லவில்லை. "மூணாம் வருசம் முடியட்டும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா மட்டும், அங்கே காய் உடைக்க என்ன கூலி என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்!

நண்பர்களே! எல்லாரும் கானாவுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. கற்றுக்கொள்ளத்தான் போகிறோம் என்றால், கற்றுத்தரும் நாடு பணக்கார நாடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் வெயிலும் நம் பயிரும் நம் நோயும் உள்ள நாட்டில் கற்பது நம் மண்ணுக்கு விரைந்து பயன்படும். அதோடு, கோவையிலும் சென்னையிலும் நம் நடுவே படித்துக்கொண்டிருக்கும் ஆப்பிரிக்க மாணவர்களைக் கண்டால், "எந்த நாடு?" என்று கேளுங்கள், அந்த நாட்டின் பெயரை நினைவில் வையுங்கள். பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் உட்காருங்கள். கானாவை அறிவதற்கு நாம் செய்ய வேண்டிய முதற் பயணம் அவ்வளவு தூரந்தான்.